விடுதலைப் பத்திரம்

என் அம்மாவின் பீரோவில் ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், வங்கிப் பாஸ்புத்தகம் இவற்றோடு ஒரு பத்திர நகலும் இருக்கிறது. 2007 இல் பதிவானது. எழுதிக் கொடுப்பவர்கள் இருவர்: என் ஆயா, என் அம்மா. எழுதி வாங்குபவர்கள் இருவர்: என் மாமாக்கள். தாத்தா விட்டுப்போன மூன்று ஏக்கர் நஞ்சையில் தங்களுக்கு உள்ள பாகத்தை ஐம்பதாயிரம் ரூபாய்க்கு விட்டுக்கொடுத்ததாகவும், இனி அந்தச் சொத்தில் தங்களுக்கோ தங்கள் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியமும் இல்லை என்றும் எழுதியிருக்கிறது. ஆயா கைநாட்டு வைத்திருக்கிறார். அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதல் பக்கத்தின் மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: விடுதலைப் பத்திரம்.

பதிவுத்துறையில் இது சாதாரணச் சொல். ஒருவர் தன் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுத்தால் அந்த ஆவணத்துக்கு இதுதான் பெயர். ஆனால் பெண் விடுதலை பற்றிப் பாடம் நடத்துகிற எனக்கு அந்தத் தலைப்பைத் தாண்டிப் போக முடியவில்லை. அங்கே விடுதலையானது நிலம். அம்மாவிடமிருந்து.

நான் சட்டம் படித்தவள் இல்லை. வரலாறு படித்தேன், கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அம்மாவின் ஊர், ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அந்த நிலம் எப்படி அம்மாவை விட்டுப் போனது என்று தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை. தேடுவதற்கு ஒரு காரணமும் வந்தது. போன வருடம் என் பெயரிலும் ஒரு விடுதலைப் பத்திரம் தயாராகி வந்திருக்கிறது.

செங்கல்பட்டு, 1929

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகச் செங்கல்பட்டு பக்கம்தான். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அந்த ஊரில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது. டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். சாதிப் பட்டங்களை விடுவது, கைம்பெண் மணம், மணவிலக்கு உரிமை ஆகியவற்றோடு, சொத்திலும் வாரிசுரிமையிலும் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான உரிமை வேண்டும் என்ற தீர்மானமும் அங்கே நிறைவேறியது. என் ஆயாவின் அம்மா அப்போது சிறுமியாக இருந்திருப்பார். அதே ஜில்லாவில் நாற்று நட்டுக்கொண்டிருந்த அவர் காதுக்கு அந்தத் தீர்மானம் போயிருக்க வழியில்லை.

அன்றைய சட்டத்தில் பெண்ணின் இடம் என்ன? மிதாட்சர முறைப்படி பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. மகளுக்குக் கிடையாது. அவளுக்குச் சீதனம் உண்டு. பழைய வழக்கில் மகளுக்கு மஞ்சட்காணி என்று நிலம் எழுதிக் கொடுத்ததும் உண்டு. அது பெற்றோர் விருப்பத்தைப் பொறுத்தது. அவள் கேட்டு வாங்கக்கூடியதல்ல. நம் மொழியே இதைச் சொல்கிறது. பங்காளி என்றால் பங்கு உடையவர். ஆனால் யாரும் தன் அக்காவையோ தங்கையையோ பங்காளி என்று சொல்வதில்லை. அண்ணன் தம்பியும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும்தான் பங்காளிகள்.

1937 இல் வந்த சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கில் உரிமை தந்தது, அவள் உயிரோடு இருக்கும்வரை மட்டும். மகளைப் பற்றி அது பேசவில்லை. பிறப்பால் வரும் ஆண்களின் உரிமையையே எடுத்துவிட்டு மகளையும் மகனையும் ஒரே வரிசையில் நிறுத்தப் பார்த்தது அம்பேத்கர் கொண்டுவந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா. அது முடக்கப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் அமைச்சரவையிலிருந்து விலகியதற்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. 1956 இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபோது மகளுக்கு இடம் கிடைத்தது, ஆனால் மகனின் பிறப்புரிமையைத் தொடாமல். கைம்பெண்ணின் ஆயுள்கால உரிமை முழு உரிமையானது அந்தச் சட்டத்தின் பெரிய லாபம். மகளுக்குக் கிடைத்ததோ அப்பாவின் பங்கில் ஒரு பங்கு.

இரண்டு கணக்குகள்

பங்கில் பங்கு என்றால் எவ்வளவு? எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். தாத்தாவுக்கு அவர் அப்பா வழியில் வந்த மூன்று ஏக்கர், அதாவது 300 சென்ட். வாரிசுகள் ஆயா, இரண்டு மாமாக்கள், அம்மா.

1956 சட்டப்படி, தாத்தா இறப்பதற்கு முந்தைய நொடியில் அவருக்கும் இரு மகன்களுக்கும் பாகம் பிரிந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு 100 சென்ட். பிறகு தாத்தாவின் 100 சென்ட் மட்டும் நான்கு வாரிசுகளுக்கும் சமமாகப் பிரியும். ஆளுக்கு 25. ஆக, மாமாக்களுக்கு 125 சென்ட், ஆயாவுக்கு 25, அம்மாவுக்கு 25.

இனி, மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். முதலில் தாத்தா, இரு மகன்கள், மகள் என்று நான்காகப் பிரியும். ஆளுக்கு 75 சென்ட். தாத்தாவின் 75 மறுபடி நான்காகும், ஆளுக்கு 18¾. அம்மாவுக்கு 93¾, மாமாக்களுக்கும் அதே 93¾, ஆயாவுக்கு 18¾.

25 சென்ட்டுக்கும் 93¾ சென்ட்டுக்கும் நடுவில்தான் அறுபது ஆண்டு அரசியல் நடந்திருக்கிறது. என் மாணவிகளிடம் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது வகுப்பு அமைதியாகிவிடும். வீட்டுக்குப் போய்த் தங்கள் நிலத்துக்கும் போட்டுப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கணக்கைத் தமிழ்நாடு 1989 இல் சட்டமாக்கியது. கேரளம் 1975 இல் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்திருந்தது. ஆந்திரம் 1980களின் நடுவில் மகளுக்குப் பிறப்புரிமை தந்தது. அதன்பின் தமிழ்நாடு. மு. கருணாநிதி தலைமையிலான அரசு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் செல்லும் என்றது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு அப்போது அறுபது வயது. அந்தத் தேதிக்கு இன்னொரு நினைவும் உண்டு. அன்றுதான் சட்டமன்றத்தில் கைகலப்பு நடந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா கலைந்த கூந்தலோடு வெளியே வந்து, தம்மைத் தாக்கினார்கள் என்று குற்றம்சாட்டினார். தமிழ்நாட்டு மகள்களுக்குப் பிறப்பால் பங்கு தொடங்கும் நாளும், சட்டமன்றத்திலேயே ஒரு பெண் தனக்குப் பாதுகாப்பில்லை என்று சொன்ன நாளும் ஒன்று.

சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களுக்கு இந்த உரிமை இல்லை. அம்மாவுக்குத் திருமணமானது 1986 இல். நான் பிறந்தது 1988 இல். ஒரு வயதுக் குழந்தையான நான் என் அப்பா குடும்பத்தில் பங்காளியாகிவிட்டேன். என்னை இடுப்பில் வைத்திருந்த அம்மா தன் அப்பா குடும்பத்தில் ஆகவில்லை.

2005 இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்த விலக்கு போனது. திருமணம் எப்போது நடந்திருந்தாலும் மகள் மகள்தான் என்றானது. ஆனால் அதற்கும் ஒரு தேதி வைத்தார்கள்: 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையையும் விற்பனையையும் தொட முடியாது. பிறகு இன்னொரு கேள்வி எழுந்தது. சட்டம் வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? 2015 இல் உச்ச நீதிமன்றம் ஆம் என்றது. 2018 இல் வேறு மாதிரி தீர்ப்பு வந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அப்பா இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று முடித்துவைத்தது.

என் தாத்தா இறந்தது 1999 இல். அம்மா கையெழுத்துப் போட்டது 2007 இல். அவர் மாமாக்களுக்குச் சமமான பங்கு கேட்டிருக்கலாம் என்பது எல்லாருக்கும் உறுதியானது 2020 இல். சரி, அந்தச் சிக்கலை விட்டுவிடுவோம். 2007 இலேயே எந்தச் சந்தேகமும் இல்லாமல் அவருக்கு 25 சென்ட் இருந்தது, 1956 முதல். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நிலம் விலையேறிய காலம்

செங்கல்பட்டு ஏரிகளின் ஜில்லா. ஏரிப் பாசனத்தில் ஒரு போகம், மழை நன்றாக இருந்தால் இரண்டு. என் சிறுவயதில் அந்த மூன்று ஏக்கருக்காக யாரும் சண்டை போட்டதில்லை. பட்டா தாத்தா பெயரில், அதற்கு முன் அவர் அப்பா பெயரில். அறுவடை முடிந்ததும் மாமா ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து போடுவார். அதுதான் அம்மாவின் பங்கு.

1996 டிசம்பரில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998 இல் அங்கிருந்து கார் வெளியே வந்தது. தொழிற்சாலைகளுக்காக நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1997 இல் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. 2001 இல் அது நடைமுறைக்கு வந்தது. 2006 இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். அப்போலோ டயர்ஸ், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. சிப்காட் எடுத்த நிலம் போக, சுற்றிலும் இருந்த நிலங்களைத் தனியார் மனை போட வாங்கினார்கள்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகளுக்கு உரிமை 1989, 2005. நிலத்துக்கு விலை 1996 முதல் 2010 வரை. எங்கள் பகுதியில் மகள்கள் பங்காளிகளான அதே காலத்தில்தான் பங்குக்கு ஒரு மதிப்பு வந்தது. விடுதலைப் பத்திரம் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பழக்கமானதும் அப்போதுதான்.

இது எப்படி நடந்தது என்பதை ஊரில் பல பெண்களிடம் கேட்டேன். கதை ஏறக்குறைய ஒன்றுதான். நிலத்தை வாங்க வருபவரின் வக்கீல் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் கேட்பார். வாரிசுச் சான்றில் மகள்களின் பெயர் இருக்கும். "இவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் கிரயம் முடியும்" என்பார். அதுவரை யாருக்கும் ஞாபகம் வராத அத்தைகளையும் அக்காக்களையும் தேடி வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும். அவர்களும் வாரிசுகள் என்பதை எங்கள் ஆண்களுக்கு எடுத்துச் சொன்னது வாங்க வந்தவரின் வக்கீல்தான். அந்த உரிமையை முடித்துக்கொள்ளும் வழியையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

அரசு இதற்குச் செலவும் குறைவாகவே வைத்திருக்கிறது. வெளியாளுக்கு விற்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். குடும்பத்துக்குள் விடுதலை எழுதினால் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் அதற்கும் 40,000 ரூபாய் உச்சவரம்பு. குடும்பச் சொத்தைச் சுமையில்லாமல் பிரித்துக்கொள்ளத் தரப்பட்ட சலுகை அது. எங்கள் ஊரில் அது பெரும்பாலும் ஒரே திசையில், அக்கா தங்கையிடமிருந்து அண்ணன் தம்பிக்குப் பாய்கிறது.

நிலம் அரசுக்குப் போன குடும்பங்களில் வேறு மாதிரிப் பேச்சு. பட்டாவில் பெயர் உள்ளவருக்குத்தான் நோட்டீஸ் வரும். மகள் தன் பங்கைக் கேட்டு மனுக் கொடுத்தால், தகராறுள்ள இழப்பீடு நீதிமன்றத்துக்குப் போய்விடும். "நீ கேட்டா யாருக்குமே பணம் வராது" என்று சொல்லிச் சொல்லியே பல பெண்களை உட்காரவைத்தார்கள்.

அம்மாவுக்கும் கார் வந்தது. பத்திரம் முன்கூட்டியே தட்டச்சாகி இருந்தது. யாரும் படித்துக் காட்டவில்லை. ஐம்பதாயிரமும் கைக்கு வரவில்லை; பின்னால் என் கல்யாணத்துக்கு மாமாக்கள் செய்த சீரில் அது கணக்காயிற்று. "ஏம்மா போட்ட?" என்று பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு முறை மட்டும் பதில் சொன்னார்: "போட்டா நெலம் போவும். போடலன்னா வாசல் போவும். உங்கப்பா குடிச்சிட்டு வந்த ராத்திரியெல்லாம் நான் எந்த வாசலுக்குப் போனேன்?"

பொருளியல் அறிஞர் பினா அகர்வால் தெற்காசியப் பெண்களின் நில உரிமை பற்றி எழுதும்போது இதைத்தான் சொல்கிறார். பெண்கள் அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுப்பது அறியாமையாலோ வெறும் பாசத்தாலோ மட்டுமல்ல. கணவன் வீட்டில் ஏதாவது ஆனால் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. அவரும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005 இல் வெளியிட்ட ஆய்வில், சொத்தில்லாத மணமான பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனின் அடியைச் சந்தித்திருந்தார்கள். தன் பெயரில் நிலம் மட்டும் வைத்திருந்தவர்களில் 18 சதவீதம், வீடு மட்டும் வைத்திருந்தவர்களில் 10, இரண்டும் வைத்திருந்தவர்களில் 7 சதவீதம். அண்ணன் வீட்டு வாசலுக்காக அம்மா விட்டுக்கொடுத்த 25 சென்ட்டில் அவருக்கே ஒரு வாசல் இருந்திருக்கலாம்.

நிலமே இல்லாதவர்கள்

இந்தக் கதையை ஊர்த் தெருவில் மட்டும் நின்று சொல்லி முடிக்க முடியாது. விட்டுக்கொடுக்கப் பங்கு இருப்பதே ஒரு சாதிச் சலுகைதான். 1891 இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர், இந்த ஜில்லாவில் ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமில்லாமல் வாழும் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892 இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் அவர்களுக்குள் மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். அதில் பெருமளவு பிறர் கைக்குப் போனது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அம்மாவின் நஞ்சையில் நாற்று நட்டு, களை எடுத்த பெண்களுக்கு அது விற்கப்பட்டபோது ஒரு கையெழுத்துகூடத் தேவைப்படவில்லை. நிலத்தோடு அவர்கள் வேலையும் போனது.

இன்று அந்தச் சாலையில் காலை ஷிஃப்டுக்குப் போகும் பேருந்துகளில் நிறைந்திருப்பவர்கள் இளம் பெண்கள். வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற்றபோது ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அவர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு படுக்கை என்பது வேலை இருக்கும்வரைதான். அவர்கள் அனுப்பும் சம்பளத்தில் ஊரில் வீடு எழும்புகிறது. அந்த வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்று நான் கேட்டபோது பலர் சிரித்தார்கள். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அந்தப் பெண்களில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

பரந்தூரில் இப்போது விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கிறார்கள். 2022 முதல் ஏகனாபுரத்தில் நடக்கும் போராட்டப் பந்தலில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு நிற்கும் நாம், இழப்பீட்டுப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2013 இன் நிலம் எடுப்புச் சட்டம், கணவனை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர், கைவிடப்பட்டவர் ஒவ்வொருவரையும் தனிக் குடும்பமாகக் கொள்ளச் சொல்கிறது.

கையெழுத்து

என் அப்பா இரண்டு வருடத்துக்கு முன் இறந்தார். சுங்குவார்சத்திரம் பக்கம் அவர் வழிப் பூர்வீக நிலம் கொஞ்சம் இருக்கிறது. தம்பி அனுப்பிய பத்திரத்தின் வாசகம் அம்மாவின் பத்திரத்தில் உள்ளது போலவே இருக்கிறது, தேதியும் பெயர்களும் தவிர. "யக்கா, உனக்கு என்ன கொற? மாமா சம்பாதிக்கிறாரு, நீயும் சம்பாதிக்கிற" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அப்பாவை மருத்துவமனைக்குத் தூக்கி அலைந்தவன் அவன்தான். அதனால்தான் இது கஷ்டம்.

தேடலில் நான் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா உயிரோடு இருக்கும்போதே, அவர் தனிச் சொத்தில் பின்னால் வரக்கூடிய பங்கை மகள் எழுதிக் கொடுத்தால் சட்டப்படி அது செல்லாது. ஆனால் அதற்குப் பணம் வாங்கியிருந்தால், பிறகு கேட்க முடியாமல் போகலாம். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய, உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் அவகாசம். அப்பா தன் பங்கை மகனுக்கே உயில் எழுதிவைக்கலாம். அதைச் சட்டம் தடுக்கவில்லை. பிறப்பால் வந்த உன் பங்கை மட்டும் அவரால் எழுத முடியாது. இதெல்லாம் இந்துச் சட்டம். கிறித்தவ மகளுக்கு 1925 ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்குச் சமமான பங்கு. முஸ்லிம் மகளுக்கு மகனின் பங்கில் பாதி. விடுதலைப் பத்திரம் எல்லா வீட்டுக்கும் பொது.

இன்னொன்று. குழந்தையில்லாத மணமான இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், கணவனும் முன்பே இறந்திருந்தால், அவள் உழைத்துச் சேர்த்தது அவளைப் பெற்றவர்களுக்குப் போவதில்லை. கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது. பெற்றோரிடமிருந்து வந்த சொத்துதான் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். நான் எழுதிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள்.

தம்பியிடம், விடுதலை வேண்டாம், பாகப்பிரிவினை எழுதுவோம் என்றேன். என் பங்கை எனக்கு எழுது, அதை என்ன செய்வது என்று பிறகு பேசுவோம். அவன் பதில் சொல்லவில்லை. இந்தப் பொங்கலுக்குச் சீர் வரவில்லை.

அம்மா கேட்டார்: "போட்டுட்டியா?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்னுது எவ்ளோ வரும்னு அன்னிக்கிச் சொன்னியே, இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன். இருபத்தைந்து, அதற்குமேல் தொண்ணூற்று மூன்றே முக்கால். அம்மா மனதுக்குள் வரப்புகளை அளந்துகொண்டிருந்தார்.

"கெணத்துப் பக்கம் இருந்துச்சே, அந்தத் துண்டே இருவத்தஞ்சு சென்ட்டுக்கு மேல இருக்கும்" என்றார். "அதுல தண்ணி நிக்கும். நல்லா வெளையும்."

அந்தக் கிணறு தூர்ந்துவிட்டது. அதன்மேல் இப்போது ஒரு குடோனின் காம்பவுண்டு சுவர் ஓடுகிறது.